பேர் சொல்லி அனுப்பியவர்

பழைய ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதலில் அது பாராட்டாகத்தான் கிடைத்தது. பொட்டலங்களின் பின்பக்கம் எறும்பு வரிசை போல ஓடும் பொடி எழுத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவள் கண் நேரே அங்கே போய் நின்றுவிடும். அச்சுக்குப் போகிற எந்தத் தாளும் அவள் மேஜை வழியாகத்தான் போக வேண்டும் என்று பதினோரு வருஷம் ஒரு வழக்கமே இருந்தது.

அந்த ஆபீசை விட்டு அவள் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு சோப்பு உறை. ஏழு மாதம் வரைந்து, கிழித்து, மறுபடி வரைந்து அவள் செய்த உறை. அது ஒரு பரிசு வாங்கியது. மேடையேறி அதைப் பெற்றுக்கொண்டவர் அவளுடைய மேலதிகாரி. "ஒரு நாள் குளிச்சிக்கிட்டிருந்தேன், திடீர்னு தோணிச்சு" என்று அவர் மைக்கில் சொன்னதும் அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் கை தட்டினாள். அவர் திருடியதைவிடத் தான் கை தட்டியதுதான் பிற்பாடு அவளை அதிகம் உறுத்தியது.

அடுத்த மாதமே வேலையை விட்டாள். வீட்டின் பின்னறையில் மேஜை போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினாள். அந்த அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது, எட்டிப் பார்க்க ஆளில்லை. முடிக்காத வேலையை யாருக்கும் காட்ட மாட்டாள். முடிந்த வேலையை அனுப்பும்போதும் குறுக்கே பெரிதாகத் தன் பெயரைப் போட்டுத்தான் அனுப்புவாள். குழாய் ரிப்பேர் செய்ய ஆள் வந்தால் கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள்.

"குழாய்க்காரர் உன் லேபிளைத் திருடி என்ன பண்ணப்போறார்? குழாய்ல ஒட்டிக்குவாரா?" என்று அவள் கணவர் கேட்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களையும் கம்பிக் கயிறுகளையும் ஏறக்குறைய ஒரே கண்ணோடு பார்ப்பவர்.

"உங்களுக்கென்ன தெரியும்? அரிசி எங்க, பருப்பு எங்கன்னு பாத்து வெச்சிக்கிட்டுத்தான் எலி வரும்."

இப்படியே ஆறு வருஷம் ஓடியது. பிறகு ஒரே வருஷத்தில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். குழந்தைப் புத்தகம் போட்ட பதிப்பகம் மூடப்பட்டது. பொம்மைக் கம்பெனி முதலாளியின் மருமகளுக்கே கம்ப்யூட்டரில் படம் போட வந்துவிட்டது. மிச்சமிருந்தது ஓர் இருமல் மிட்டாய்க் கம்பெனி மட்டும்தான். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லேபிள் தேவைப்படும்.

"கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா வேலை அந்த ஜன்னல் வழியாவா வரும்?" என்றார் கணவர். "தையல் மெஷின் ஷோரூம் இருக்கில்ல, அதுக்கு மூணாவது மாடியில மாசத்துல முதல் சனிக்கிழமை காலையில உன்ன மாதிரி தனியா தொழில் பண்ற டிசைனருங்க கூடறாங்களாம். நோட்டீஸ் பாத்தேன். போய்ட்டு வா. லிஃப்ட் நான் பாக்கற லிஃப்டுதான், தைரியமா ஏறு."

"லிஃப்டப் பத்தி எனக்குப் பயமில்ல. மேல இருக்கறவங்களப் பத்தித்தான். ஒரே தொழில் பண்றவங்க ஒண்ணாக் கூடறது எதுக்கு? அடுத்தவன் தட்டுல என்ன இருக்குன்னு பாக்கத்தானே?"

"நீயும் பாத்துட்டு வா."

அந்த வாதம் அவளுக்குப் பிடித்திருந்தது. போனாள்.

அறை நிறையப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டத்தை நடத்தியவர் அழைப்பிதழ்கள் வடிவமைப்பவர், கணீரென்ற குரல்காரர். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அவரை அழைப்பிதழ் அக்கா என்றார்கள். அக்கா கதவருகே நின்று ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்து, பெயரும் தொழிலும் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். அவள் 'லேபிள்' என்று மட்டும் எழுதி ஒட்டிக்கொண்டாள். "உன் பேரே லேபிளாம்மா?" என்று அக்கா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதினான்கு விசிட்டிங் கார்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தன்னுடையதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை; அக்கா வற்புறுத்தியதால் கூட்டத்தின் பட்டியலில் மட்டும் பெயரும் போன் நம்பரும் எழுதினாள். கடைசியில் ஒருவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டடத்துக்குள்ளேயும் கழற்றாத ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அதனாலேயே எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர்.

"என்ன லேபிள் பண்றீங்க?"

"இருமல் மிட்டாய்."

"பொடி எழுத்தெல்லாம் நீங்களே பாக்கறீங்களா, வேற யாராவதா?"

"நானேதான். வேற யாரையும் நம்பறதில்ல."

அவர் தலையாட்டிவிட்டுத் தன் கார்டை நீட்டினார். அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "முன்னாடி போன் நம்பர்ல கடைசி எண் ஏழு. பின்னாடி ஒண்ணு. எது சரி?"

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஏழு" என்றார். பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொன்றும் பேசாமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. குழந்தைகளுக்கான சிரப். பேசிய மேலாளர் அம்மா, "தொப்பிக்காரர் உங்க பேரச் சொன்னார்" என்றார்.

"என்னப் பத்தி என்ன சொன்னார்?"

"நல்லாப் பாப்பீங்கன்னு சொன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலீங்களே."

வேலையை வாங்கிக்கொண்டாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. அடுத்த மாதம் ஒரு டானிக் கம்பெனி கூப்பிட்டது, அதற்கடுத்து ஒரு கண் சொட்டு மருந்துக் கம்பெனி. இரண்டும் அவர் சொல்லித்தான். இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட அவளுக்குப் போன் செய்யவில்லை. அவளாகவே அடுத்த கூட்டத்தில் அவரிடம் போய், "கமிஷன் எதாவது எதிர்பாக்கறீங்களா?" என்று நேராகக் கேட்டாள்.

"ஒண்ணும் வேணாங்க. வேலை நல்லா நடந்தா சரி."

அந்தப் பதில்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. கமிஷன் கேட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஒன்றும் வேண்டாம் என்பவனுக்கு வேறு ஏதோ வேண்டும். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் என்று கணவரிடம் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே. "இங்க பாரு. நானும் கயிறை நம்பறதுக்கு முன்னாடி செக் பண்றவன்தான். ஆனா செக் பண்ணி முடிச்சா நம்பி ஏறிடுவேன். நீ செக் பண்ணிக்கிட்டே கீழயே நிக்கற."

அவள் செக் பண்ணுவதை விடவில்லை. சிரப் கம்பெனிக்குப் போயிருந்த ஒரு நாள், மேலாளர் அம்மாவின் மேஜை மேல் பழைய லேபிள் கோப்பு திறந்து கிடந்தது. ஓரத்தில் தொப்பிக்காரரின் முத்திரை. அப்படியானால் இது அவர் செய்துகொண்டிருந்த வேலை! கைக்குள் இருந்த வாடிக்கையாளரை யாராவது சும்மா தூக்கிக் கொடுப்பார்களா?

"இத முன்னாடி அவர்தான் பண்ணாரா?"

"ஆமா" என்று மேலாளர் அம்மா கோப்பை மூடினார். பிறகு, எதார்த்தமாகச் சொல்வதுபோல, "இப்பவும் உங்க சோதனை அச்சு வந்தா அவருக்கு ஒண்ணு அனுப்பிடுவோம். அவர் கேட்டிருக்கார்" என்றார்.

அச்சடிப்பதற்கு முன்னால் சரிபார்க்க எடுக்கும் ஒற்றைத் தாள்தான் சோதனை அச்சு. அவள் வேலை முழுசாக அதில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மற்ற இரண்டு கம்பெனிக்கும் போன் போட்டுக் கேட்டாள். அவர்களும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகல் தொப்பிக்காரரின் அறை இருக்கும் தெருவுக்குப் போனாள். தரைத்தளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. எதிரே பேப்பர், பேனா விற்கும் கடை. அங்கே தேவையில்லாத ஒரு ரப்பரை வாங்கிக்கொண்டு நின்று பார்த்தாள். உள்ளே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிர்ச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்ததெல்லாம் அவளுடைய லேபிள்கள். சிரப்பின் ஆரஞ்சு, டானிக்கின் கரும்பச்சை, கண் மருந்தின் வெளிர்நீலம். தெருவுக்கு இந்தப் பக்கமிருந்தே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பெற்ற பிள்ளையை அடுத்தவர் வீட்டில் பார்த்ததுபோல இருந்தது.

போய்க் கதவைத் தட்டியிருக்கலாம், தட்டவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று கம்பெனிக்கும் அழைப்பிதழ் அக்காவுக்கும் ஒரே மாதிரி மெயில் எழுதினாள். 'இவர் பிறருடைய வடிவமைப்புகளைச் சேகரித்துத் தன்னுடையதாகப் பயன்படுத்துகிறார் என்று நினைக்க எனக்குப் போதிய காரணம் இருக்கிறது. எச்சரிக்கையாக இருக்கவும்.' இந்தத் தடவை கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்ற நிம்மதியில் அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

மெயில் வேலை செய்தது. டானிக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி, காலண்டர், கடை முகப்புப் பலகை எல்லாம் தொப்பிக்காரர்தான் ஒன்பது வருஷமாகச் செய்து வந்தார். மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தின் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள்.

நான்காம் நாள் காலை அழைப்பிதழ் அக்கா போன் செய்தார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"சிரப் கம்பெனி மேலாளர் என்கிட்டப் பேசினாங்க. நீ எழுதினது தப்புன்னு சொல்றாங்க. ஏன்னு கேட்டா, அத அவர்தான் சொல்லணும்னுட்டாங்க. பதினோரு மணிக்கு நான் அவர் ரூமுக்குப் போறேன். நீயும் வா. எழுதினத மூஞ்சிக்கு நேரா சொல்லு."

போனாள். தன்னை மடக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனாள். தொப்பிக்காரர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல் நேரே சுவருக்குப் போனாள்.

"இது எதுக்கு?"

"கிட்டப் போய்ப் பாருங்க" என்றார் அவர்.

பார்த்தாள். ஒவ்வொரு லேபிளிலும் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்ன டிக். மருந்தின் அளவுக்கு, வயதுக்கு, காலாவதித் தேதிக்கு, எல்லாவற்றுக்கும். சில இடங்களில் இரண்டு டிக். எதிர்த்தெருவிலிருந்து பார்த்தால் பென்சில் தெரியாது.

தொப்பிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு வருஷம் முன்னாடி இதே சிரப்புக்கு நான்தான் லேபிள் பண்ணேன். ரெண்டரை மில்லி குடுக்கணும். ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருந்த புள்ளி, ஃபைல மாத்தும்போது விழுந்துடுச்சு. இருபத்தஞ்சுன்னு ஆயிடுச்சு. நானே பாத்தேன், நானே கையெழுத்துப் போட்டேன். பன்னெண்டாயிரம் சீசாவுல ஒட்டிட்டாங்க."

அவள் கண் சிரப் லேபிளில் அந்த அளவுக்குப் போயிற்று; அதன் பக்கத்தில் இரண்டு டிக்.

"வெளிய போகல. லேபிள் ஒட்டற இடத்துல வேலை பாக்கற ஒரு அம்மா, தன் குழந்தைக்கு அதே மருந்தக் குடுத்திருந்தாங்க. அவங்களுக்கு அளவு மனப்பாடம். அவங்க சத்தம் போட்டதால பிழைச்சோம். அதுலருந்து மருந்து லேபிள்னா எனக்குக் கை ஓடல. வேற ஆள் பாத்துத் தரேன்னு சொல்லியிருந்தேன். ஒரு வருஷம் தேடினேன். கூட்டத்துல எத்தனையோ பேருக்கு அந்தக் கார்டக் குடுத்திருப்பேன். நம்பர் தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. எனக்கே தெரியாது. நீங்கதான் சொன்னீங்க."

"அப்புறம் எதுக்கு என் வேலைய ஒளிஞ்சு பாத்தீங்க?" அவள் குரல் தயார் செய்து வந்த பேச்சைவிடச் சின்னதாக இருந்தது.

"பேர் சொல்லி அனுப்பினவன் நானாச்சே. உங்கள எனக்கு எத்தன நாளாத் தெரியும்? ஒரு அஞ்சு நிமிஷம். அத நம்பிக் குழந்தைங்க குடிக்கிற மருந்த விட முடியுமா?" முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நானும் உங்களச் சந்தேகப்பட்டேன். அதான் விஷயம்."

அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். கண் மருந்து லேபிளில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அது என்னவென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மருந்தைத் திறந்தபின் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பது பெட்டியில் இருபத்தெட்டு என்றும் சீசாவில் முப்பது என்றும் இருந்தது. அந்தத் திருத்தம் கம்பெனி மெயிலில் வந்தபோது, அங்கே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் குமைந்திருந்தாள். அவளுடைய பிழைதான். பழைய லேபிளிலிருந்து எடுத்ததைச் சரிபார்க்கத் தவறியிருந்தாள்.

"இத என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொல்லியிருக்கணும். நீங்க கோச்சிக்கிட்டு வேலைய விட்டுட்டா இன்னொருத்தருக்கு எங்க போறதுன்னு பயந்தேன். அதுவும் இல்லாம, சொன்னா பன்னெண்டாயிரம் சீசா கதையையும் சொல்லணும். அது வெளிய தெரிஞ்சா எனக்கு யார் வேலை குடுப்பா?" என்றவர், "இப்ப அது தெரியாமலே வேலை போயிடுச்சு" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர், "சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வில் ஒன்றும் சரியாகவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மறுப்பு மெயில் எழுத உட்கார்ந்தாள். சோப்பு உறையில் தொடங்கி ஒன்றரைப் பக்கம் போயிற்று. கணவர் பின்னால் நின்று படித்துவிட்டு, "இது யாருக்காக எழுதற? அவருக்கா, உனக்கா?" என்றார். "லிஃப்ட்ல மாட்டற போர்டு மாதிரி எழுது. மூணு வரி. நின்னுக்கிட்டே படிக்கற மாதிரி."

அவள் அழித்துவிட்டு எழுதினாள். 'இவரைப் பற்றி நான் எழுதியது பொய். விசாரிக்காமல் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது.' அதே நான்கு பேருக்கும் அனுப்பினாள். கண் மருந்துக் கம்பெனி, 'சரி' என்று ஒரு வார்த்தை அனுப்பியது. டானிக் கம்பெனி, ஏற்கெனவே வேறு ஆளை அமர்த்திவிட்டதாக எழுதியது. அவள் நேரில் போய் அவர்கள் வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் பார்த்தாள். முடிவு மாறவில்லை. ஒன்பது வருஷம் ஒரு மெயிலில் போயிற்று. அந்தக் கம்பெனியின் லேபிள் வேலையை அதன் பிறகு அவளும் தொடவில்லை. அதனால் தொப்பிக்காரருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தொடக் கூசியது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சிரப் கதையைச் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய கதை இல்லை. தான் எழுதியது பொய் என்பதை மட்டும் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அன்னிக்கு எழுதினது பொய்யின்னா, இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் லேப்டாப்பை மெல்ல மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

தொப்பிக்காரர் மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. நான்காவது மாதம் வந்தார். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "புது சிரப் வந்திருக்காம். சோதனை அச்ச நீங்களே நேரா எனக்கு அனுப்பிடுங்க. கம்பெனிய சுத்தி வர வேணாம்."

"பாத்துட்டு என்ன பாத்தீங்கன்னு எனக்கு எழுதணும்."

"எழுதறேன்."

"உங்க அட்டைப்பெட்டி வேலையையும் நான் பாக்கறேன். நம்பரெல்லாம்."

அவர் யோசித்தார். "கட்டாயம் குறை சொல்வீங்க."

"சொல்வேன்."

"சரிங்க" என்றார். இந்தத் தடவை அது வேறு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து இருவர் வேலையும் ஓரத்தில் இரண்டு கையெழுத்தோடுதான் அச்சுக்குப் போகிறது. நண்பர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் பிழையை இன்னொருவர் கண்டுபிடித்தால் இருவரும் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவளுடைய சந்தேகம் ஒன்றும் போய்விடவில்லை. குழாய்க்காரர் வந்தால் இன்னமும் திரை சுவரைப் பார்க்கிறது. ஆனால் யாரைப் பற்றியாவது ஏதாவது தோன்றினால் இப்போது எழுதுவதில்லை, நேரே போய்க் கதவைத் தட்டுகிறாள். சில பேர் அதற்கும் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வருஷம் கழித்து ஒரு பல்பொடிக் கம்பெனியில் புது வேலைக்குப் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டிகளை யார் செய்வது என்ற பேச்சு வந்தபோது தொப்பிக்காரரின் பெயரைச் சொன்னாள். எதிரே இருந்த மேலாளர் புருவத்தைச் சுருக்கினார்.

"அவரா? அவர் அடுத்தவங்க டிசைனத் திருடறவராமே?"

"யார் சொன்னாங்க?"

"தெரியல. பொதுவா எல்லாரும் சொல்றாங்க."

அவள் மெயில் போன இடம் நான்கு. இந்தக் கம்பெனி அந்த நான்கில் இல்லை. மறுப்பு அந்த நான்கு இடத்துக்கும் கூட்டத்துக்கும்தான் போயிற்று, அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. அவதூறு மட்டும் கால் முளைத்து ஊரெல்லாம் நடந்திருந்தது.

"எல்லாரும் சொல்லலீங்க" என்றாள் அவள். "அத முதல்ல சொன்னது நான். நான் சொன்னது பொய். வேணும்னா அத எழுதியே தரேன்."

மேலாளர் அவளையும் மேஜை மேலிருந்த அவளுடைய லேபிள் மாதிரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வேலை இருவருக்குமே வரவில்லை.

அதற்குப் பிறகும் இதே பேச்சு வேறு வேறு இடங்களில் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்கிறாள். இதுவரை ஏழு தடவை ஆகிவிட்டது. இரண்டு இடத்தில் நம்பினார்கள்.